பெருமாளை நோக்கி ஓர் எட்டு

கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்கே தேவராஜனுக்கு ஒரு வாரத் தூக்கம் போயிற்று.

திருவள்ளூர் பக்கத்தில் காக்களூர் தொழிற்பேட்டையில் போல்ட்டு, நட்டு செய்யும் கம்பெனி ஒன்றில் தேவராஜன் சூப்பர்வைசர். கம்பெனிக்குப் பின்னால், துருப்பிடித்த தகரம் கொட்டிக் கிடக்கும் பொட்டலில், காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதுவதற்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேருக்குக் கராத்தே சொல்லிக் கொடுத்து வந்தான். எழுபத்தேழாம் வருஷம் அது. ஊரில் பாதிப் பேருக்குக் கராத்தே என்றால் கையால் செங்கல் உடைப்பது. மீதிப் பேருக்கு அந்தப் பெயரே வாயில் நுழையாது. வீரராகவப் பெருமாள் கோயில் கோஷ்டியில் நின்று பிரபந்தம் சேவிக்கிற குடும்பத்துப் பிள்ளை, நெற்றியில் நாமத்தோடு வெள்ளைப் பைஜாமா மாட்டிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்துவதைப் பார்ப்பதற்கென்றே சில பேர் சைக்கிளை நிறுத்துவார்கள்.

அவன் சொல்லிக் கொடுத்த விதம் வேறெந்த ஊரிலும் இருந்திருக்காது. சின்ன வயசில் அவன் பிரபந்தம் கற்றது சந்தை முறையில். சொல்லி வைக்கிறவர் ஒரு வரியை ஒரு தரம் சொல்வார், பிள்ளைகள் அதை இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வேண்டும். அர்த்தம் கேட்கக் கூடாது. முதலில் நாக்கில் ஏறட்டும், அர்த்தம் வருகிறபோது வரும். தேவராஜன் கராத்தேயையும் அப்படியே நடத்தினான். கராத்தேயில் கட்டா என்று ஒன்று உண்டு. எதிரில் ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு தடுப்பு, குத்து, உதை எல்லாவற்றையும் வரிசை மாறாமல் செய்வது. அவன் ஒரு தரம் செய்து காட்டுவான், மற்றவர்கள் இரண்டு தரம் செய்வார்கள். வாயாலும் இரண்டு தரம் சொல்ல வேண்டும். "கை மேல" என்று அவன் சொன்னால் பொட்டல் முழுக்க "கை மேல, கை மேல" என்று எதிரொலிக்கும். எதற்கு இந்தக் கை மேலே போகிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்காதவரைக்கும் தேவராஜன் நிம்மதியாகத்தான் இருந்தான்.

திங்கட்கிழமை துளசிராமன் கேட்டுவிட்டான்.

துளசிராமன் அதே கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டுகிறவன். காலால் மிதித்தால் மேலிருந்து இடி மாதிரி இறங்குகிற அந்த மெஷினோடு இத்தனை வருஷம் பழகியும் பத்து விரலையும் முழுசாக வைத்திருந்தான். ஊத்துக்கோட்டை ரோட்டில் ஈச்சங்கண்டிகை அவன் ஊர். அங்கே கொஞ்சம் நஞ்சை. தேவராஜனைவிட ஒன்றிரண்டு வயசுதான் சின்னவன், ஆனாலும் பொட்டலில் வாய் நிறைய மாஸ்டர் என்பான்.

"மாஸ்டர், கைய இப்பிடி நெத்திக்கு மேல தூக்கறமே, இது இன்னாத்துக்கு?"

"தடுப்புடா. மேலேருந்து வர்ற அடியைத் தடுக்க."

"கட்டையால அட்ச்சா கூடவா?"

எல்லோரும் கவனிக்க ஆரம்பித்தார்கள். துளசிராமன் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். அவன் அப்பாவுக்கும் சித்தப்பா முறையான பங்காளி சடையப்பனுக்கும் ஏரித் தண்ணீரில் தகராறு. சடையப்பன் நிலம் மேலே, இவர்கள் நிலம் கடைசியில். அமாவாசைக்கு அமாவாசை தண்ணீர் முறை மாறும். இவர்கள் முறை வரும்போதெல்லாம் சடையப்பன் மடையை அடைத்துக்கொண்டு நிற்பான்.

"போன மொறை எங்க நைனா தொறக்கப் போனாரு. சித்தப்பா தடியால தோள்லயே ஒண்ணு உட்டாரு. இன்னும் நைனாவால சோத்துல கை வெக்க முடில, எங்கம்மாதான் ஊட்டுது. நவரை நெல்லு பால் புடிக்கிற நேரம் மாஸ்டர், இந்தத் தண்ணி இல்லன்னா எல்லாம் பதர்தான். வர்ற ஞாயித்துக்கெழம அமாவாசை. வெளக்கு வெக்கிற நேரத்துல நான்தான் போவணும். தடி மேலேர்ந்து எறங்கிச்சின்னா அதுக்கு நம்ம கட்டாவுல எதுனா கீதா?"

'எனக்குத் தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். இரண்டே இரண்டு வார்த்தை, அவ்வளவுதான். ஆனால் பன்னிரண்டு பேர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது மாஸ்டர் என்று பேர் வாங்கியவனுக்கு அந்த வார்த்தை லேசில் வருமா? தேவராஜன் மார்பை நிமிர்த்திக்கொண்டான்.

"இருக்கே. இதுவேதான். தடி இறங்கறதா, ஒரு எட்டு பின்னால. முன்கை நெத்திக்கு மேல. தடி கையில பட்டு வழுக்கிண்டு போயிடும்."

"பின்னால, பின்னால. கை மேல, கை மேல" என்றான் துளசிராமன். செய்தும் காட்டினான். அழகாக வந்தது. அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்துத் தேவராஜனுக்கே பெருமையாகத்தான் இருந்தது. அடுத்து அவன் சொன்னதுதான் வினையாயிற்று.

"மாமனுங்க நாலு பேர இட்டுக்கினு போலாம்னு இருந்தேன் மாஸ்டர். அவங்க வந்தா ரத்தக்களறி ஆயிடும். இனிமே வாணாம். இது போதும். நான் ஒண்டியா போறேன்."

அன்றைக்கு முழுக்க தேவராஜனுக்கு வேலை ஓடவில்லை. பிரஸ் மெஷின் 'டமார், டமார்' என்று இறங்கும் ஒவ்வொரு தரமும் துளசிராமனின் முன்கைதான் கண்ணுக்குத் தெரிந்தது. பட்டணத்தில் ராயபுரத்து மாஸ்டர் அவனுக்குக் கட்டா கற்றுக்கொடுத்தார், சரி. தடியைப் பற்றி எப்போதாவது சொன்னாரா? சொன்ன ஞாபகமே இல்லை. வார விடுமுறை ஞாயிற்றிலிருந்து வெள்ளிக்கு மாறியதிலிருந்து அவன் ராயபுரம் பக்கம் போயே ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எல்லாப் பயிற்சியும் ஆத்து முற்றத்தில்தான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனவன் காப்பி கூடக் குடிக்காமல் அம்மாவிடம் போய் நின்றான்.

"அம்மா, அந்த மடிக்கோலால என் தலையில ஒரு அடி போடேன்."

கோமளவல்லி மடிப்புடவை உலர்த்திக்கொண்டிருந்தாள். மடிக்கோல் என்பது உயரத்தில் கட்டிய கொடியில் கையால் தொடாமல் புடவையைப் போடவும் எடுக்கவும் வைத்திருக்கிற நீளக் கழி. அவள் காலையில் குளித்து மடி கட்டினால் ராத்திரி பெருமாள் திருவாராதனம் முடிகிறவரைக்கும் யாரும் அவளைத் தொடக் கூடாது. பெற்ற பிள்ளையானாலும் நாலடி தள்ளித்தான் நிற்க வேண்டும். தொட்டால் விழுப்பு, மறுபடி குளிக்கணும்.

"பைத்தியமா உனக்கு?"

"அடியேன், ஒரே ஒரு தரம்."

"மேல வந்து விழுந்து தொலைக்காதே" என்று சொல்லிக்கொண்டே எட்ட நின்று கழியை மெள்ள இறக்கினாள். தேவராஜன் ஒரு எட்டுப் பின்னால் வைத்துக் கையைத் தூக்கினான். கழி பட்டு நழுவியது. பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டு, "கொஞ்சம் பலமா" என்றான். இந்தத் தரம் அவளுக்கும் கொஞ்சம் விறுவிறுப்பு வந்துவிட்டது போலிருக்கிறது. விட்டாள் ஒன்று. கழி நுனி முன்கை எலும்பில் 'ணங்'கென்று விழுந்தது. தேவராஜன் கையை உதறிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடினான்.

"நீதானே கேட்டே!" என்றாள் அம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

சாதாரண மூங்கில் கழி. ஆட்டுவதோ அறுபதை நெருங்கும் அம்மா. அதற்கே முன்கையில் புளியங்கொட்டை அளவுக்குப் புடைத்துவிட்டது. வயல்காட்டில் ஆத்திரத்தோடு நிற்கிற ஆம்பிளை தடியை இறக்கினால்? பிரஸ் ஓட்டுகிறவனுக்குக் கை போனால் வேலை போச்சு. அப்பாவுக்குத்தான் தோள் போயாயிற்று, பிள்ளைக்கும் கை போனால் அவன் அம்மா கெங்கம்மாள் எத்தனை பேருக்குத்தான் ஊட்டுவாள்?

மறுநாளே அவனைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவும் போனான். ஆனால் இது வேண்டாமென்றால் அதற்குப் பதில் எது என்று அவன் கேட்பானே, அதற்கு என்ன சொல்வது? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தான். வியாழக்கிழமையிலிருந்து துளசிராமன் வயல் வேலைக்கென்று லீவு போட்டுவிட்டுப் போய்விட்டான். போகும்போது பிரஸ் ஷாப் வாசலில் நின்று, "பின்னால, பின்னால" என்று செய்து காட்டிச் சிரித்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்பு தேவராஜனை ராத்திரி பூரா புரள வைத்தது.

வெள்ளிக்கிழமை லீவை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டு பட்டணத்துக்கு ரயில் ஏறினான். அமாவாசையும் அதுவுமாகக் கோஷ்டிக்கு வராமல் எங்கே போகிறாய் என்று அண்ணா கிருஷ்ணஸ்வாமி வாசலில் நின்று கத்தினார். காதில் வாங்கவில்லை.

ராயபுரத்தில் ஒரு மீன் வலைக் கிடங்கின் மாடிதான் பயிற்சிக்கூடம். மாஸ்டர் மலேயாவில் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டே கராத்தே கற்றுக்கொண்டு திரும்பியவர். தேவராஜனைப் பார்த்ததும், "இன்னாடா, ஆளையே காணோம்! பெருமாள் உடலியா?" என்றார்.

தேவராஜன் மூச்சு விடாமல் தடி விஷயத்தைக் கேட்டான். செய்தும் காட்டினான். பின்னால் ஒரு எட்டு, கை மேலே.

மாஸ்டர் முகம் மாறிற்று. "யார்டா உன்ன பின்னால போவச் சொன்னது?"

"நீங்கதானே..."

"நானா? அங்க பாரு."

வரிசையாக நின்ற பையன்கள் அதே கட்டாவைச் செய்துகொண்டிருந்தார்கள். கை மேலே போனது. கால் முன்னால் வந்தது. அடுத்த கை, அடுத்த கால், மறுபடியும் முன்னால். மூன்று தரமும் முன்னால்தான். தேவராஜனுக்குக் காது அடைத்துக்கொண்டது.

மாஸ்டர் மூலையில் கிடந்த ஒரு கட்டையைத் தூக்கி அவன் கையில் கொடுத்தார். "அடி என்ன."

தேவராஜன் ஓங்கினான். இறக்குவதற்குள் மாஸ்டர் அவன் மார்போடு மார்பாக வந்து நின்றார். அவர் முன்கை அவன் மணிக்கட்டுக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டையின் நுனி அவருடைய முதுகுக்குப் பின்னால் காற்றில் ஆடியது. எவ்வளவு முக்கினாலும் அடிக்க இடமில்லை.

"தடியோட விஷமெல்லாம் நுனியிலதாண்டா. பின்னால போனீன்னா நுனி இருக்கிற எடத்துக்கே போயி நிக்கிற. கை ஒடியும். உள்ள பூந்துட்டா அது வெறும் வெறகு. கட்டாவுல கைய மட்டும் பாக்கறீங்க, காலப் பாக்க மாட்றீங்க."

"சொல்லவே இல்லையே மாஸ்டர்."

"நீ கேக்கவே இல்லியே."

படி இறங்கும்போது தேவராஜனுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. ஆத்து முற்றம் கோயிலாழ்வாருக்கு நேர் எதிரே இருந்தது. கோயிலாழ்வார் என்றால் அவர்கள் வீட்டில் பெருமாள் எழுந்தருளியிருக்கும் மர மண்டபம். அங்கே முதல் நாள் இந்தக் கட்டாவைச் செய்தபோது அம்மா அலறியது இப்போதும் காதில் கேட்டது: "பெருமாள் எதிர்ல கையை ஓங்கிண்டு முன்னால முன்னால போறியே, அபசாரம்டா!" திரும்பி நின்று செய்யலாமென்றால் பெருமாளுக்கு முதுகு காட்டியதாகும், அது அதைவிடப் பெரிய அபசாரம். சன்னதியிலிருந்து வெளியே வரும்போது கூட முதுகு காட்டாமல் பின்னாலேயே நடந்து வந்து பழகிய கால்கள் அவை. அன்றைக்குக் கால் தானாகவே பின்னால் போயிற்று. மறுநாளும் போயிற்று. ஒரு வருஷத்தில் அதுவே கட்டா ஆகிவிட்டது. அதைப் பன்னிரண்டு பேருக்கு இரண்டிரண்டு தரம் சொல்ல வைத்து ஏற்றியும் விட்டான். மகா புத்திசாலி!

சென்ட்ரலில் அரக்கோணம் பாசஞ்சர் கிளம்புகிற வரைக்கும் அவன் பிளாட்பாரத்தில் நடந்துகொண்டே இருந்தான். கிளம்பிய வண்டி பேசின் பிரிட்ஜில் நின்றது. வில்லிவாக்கத்தில் நின்றது. ஆவடியில் ஏதோ ராணுவ வண்டிக்கு வழிவிட நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. தேவராஜன் எழுந்து வாசலுக்குப் போனான், சிக்னலைப் பார்த்தான், வந்து உட்கார்ந்தான், திரும்ப எழுந்தான். எதிர் சீட்டுக்காரர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "இன்னா சாமி, நீ நடக்கறதுல வண்டி போயிடுமா?" என்றார். அவரை அப்படியே வெளியே தள்ளலாமா என்றுகூட வந்தது.

திருநின்றவூர் தாண்டும்போது வெயில் மஞ்சளாகிவிட்டது. புட்லூரில் மறுபடி சிக்னல். தண்டவாளத்தோரம் குதித்து ஓடினால் என்ன என்று யோசிப்பதற்குள் வண்டி நகர்ந்தது. திருவள்ளூரில் இறங்கினால் பிளாட்பாரம் நிறைய அமாவாசைக் கூட்டம். கோயில் குளத்தில் முழுகி வேண்டுதல் வெல்லத்தைக் கரைத்துவிட்டுப் பட்டணம் திரும்புகிற ஜனம், மூட்டையும் முடிச்சும் குழந்தையுமாக. ஒவ்வொரு அமாவாசையும் அந்தக் கூட்டத்தைப் பார்த்துப் பூரிக்கிறவன்தான் தேவராஜன். அன்றைக்கு ஒவ்வொரு தலையும் அவனுக்கு விரோதி. சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு ஊத்துக்கோட்டை ரோட்டில் மிதித்தான். வழியெல்லாம் வாய் ஓயவில்லை. முன்னால, முன்னால. முன்னால, முன்னால. தனக்குத்தானே சந்தை சொல்லிக்கொண்டு போனான்.

ஈச்சங்கண்டிகை ஏரிக்கரையில் சைக்கிளைப் போட்டபோது சூரியன் விழுந்துவிட்டது. வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்தது. கால்வாய் பிரிகிற இடத்தில் இரண்டு பேர் நிற்பது தெரிந்தது. மண்வெட்டியை வரப்பில் செருகிவிட்டு, வெறுங்கையோடு, பொட்டலில் நிற்கிற மாதிரியே கால் அகட்டி நின்றான் துளசிராமன். அவனுக்கு எதிரே மடையை மறித்துக்கொண்டு, நரைத்த மீசையும் தலையில் கட்டிய துண்டுமாக ஒரு ஆள். கையில் தடி. சடையப்பன்தான் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"துளசி! பின்னால போகாதே!"

துளசிராமன் திரும்பினான். "மாஸ்டர்! நீங்க இன்னா இங்க?"

தேவராஜன் வரப்பில் வழுக்கி, சேற்றில் விழுந்து, எழுந்து ஓடி வந்து இருவருக்கும் நடுவில் நின்றான். மூச்சு வாங்கியது. "நான் சொன்னது தப்பு. பின்னால போனா கை ஒடிஞ்சுடும். முன்னால போகணும். அவர் மேலயே போய் ஒட்டிக்கணும்."

"இன்னா மாஸ்டர், இப்ப வந்து மாத்தறீங்க!"

"ஐயரே," என்றான் சடையப்பன், "இது எங்க ஊட்டு விஷயம். உனுக்கு இன்னா வேல இங்க? போ, போயி கோயில்ல சுண்டல் வாங்கித் துன்னு."

"தடியைக் கீழ போடுங்கோ. பேசிக்கலாம்."

"நவுரு!"

சடையப்பன் தடியை ஓங்கினான். பயமுறுத்தத்தான் ஓங்கினானோ என்னவோ, ஓங்கிய கை ஆத்திரத்தில் இறங்கிவிட்டது. தேவராஜன் எல்லாவற்றையும் பார்த்தான். இடது முன்கை தானாகவே நெற்றிக்கு மேலே எழுந்தது. முன்னால் போ என்று மூளை சொன்னது. ராயபுரத்திலிருந்து வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்ததுதானே? கால் கேட்கவில்லை. பெருமாள் எதிரே ஒரு வருஷம் பழகிய கால், மரியாதையாக, அடக்கமாக, ஒரு எட்டுப் பின்னால் போயிற்று.

தடியின் நுனி முன்கையில் விழுந்தது. காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம். தேவராஜன் மண்டி போட்டு உட்கார்ந்தான். வலி கூட உடனே வரவில்லை. வந்தது அவமானம். இவ்வளவு தூரம் ஓடி வந்து இதைக் காட்டவா?

சடையப்பனுக்கு முகம் வெளிறிப்போயிற்று. அமாவாசையும் அதுவுமாக நாமம் போட்ட ஒருவரின் கையை ஒடித்தாயிற்று. அந்தப் பயம் அப்படியே கோபமாகப் புரண்டு துளசிராமன் மேல் திரும்பியது. "உன்னாலதாண்டா பாவி, எல்லாம் உன்னாலதான்!" தடி மறுபடி எழுந்தது.

"உள்ளே போ!" என்று தேவராஜன் கத்தினான்.

"உள்ள போ, உள்ள போ" என்று துளசிராமன் வாய் சொன்னது. பழக்கம். கை மேலே போயிற்று, கூடவே கால் முன்னால் போயிற்று. அவனுக்கும் மாதக்கணக்கில் பின்னால் போய்ப் பழகிய கால்தான். ஆனால் பின்னால் போனால் என்ன ஆகும் என்பது அவன் எதிரிலேயே கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததே! ஒரே பாய்ச்சலில் சித்தப்பன் மார்பில் மோதி, ஓங்கிய கையை மேலேயே நிறுத்தி, இன்னொரு கையால் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டான். தடி அவன் முதுகுக்குப் பின்னால் சும்மா ஆடியது. சடையப்பன் உதறினான், திமிறினான். அடிக்க இடமில்லை. இருவரும் சண்டைக்காரர்கள் மாதிரியே இல்லை. வெளியூர் போய்விட்டு வந்த பிள்ளையைக் கட்டிக்கொண்டு நிற்பது மாதிரி இருந்தது.

"உடுடா... மூச்சு முட்டுது."

"தடியப் போடு சித்தப்பா. உடறேன்."

துளசிராமன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவனைத் தோளில் உட்கார வைத்துத் தீமிதி பார்க்கக் கூட்டிப் போன சித்தப்பன்தான் அது. தண்ணீர்த் தகராறு வந்தபிறகு ஒருவர் நிழல் ஒருவர் மேல் படாமல் நடந்தார்கள். இப்போது இருவர் வேர்வையும் ஒன்றாகக் கலந்து வழிந்தது. தடி சேற்றில் விழுந்தது. துளசிராமன் மண்வெட்டியை எடுத்து மடையை வெட்டினான். சடையப்பன் தடுக்கவில்லை. தேவராஜனின் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "சாமி, கை ஒட்டிக்குமா?" என்று கேட்டான். இவ்வளவு பெரிய மீசைக்குப் பின்னால் இவ்வளவு சின்னக் குரலா என்றிருந்தது.

மறுநாள் விடிந்ததும் துளசிராமன் தேவராஜனைப் புத்தூருக்குக் கட்டுப் போடக் கூட்டிக்கொண்டு போனான். பஸ் ஸ்டாண்டில் சடையப்பனும் வந்து நின்றான். யாரும் கூப்பிடவில்லை. பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். நகரியில் வண்டி நின்றபோது ஒரு கோலி சோடா வாங்கி உடைத்து, முகத்தைப் பார்க்காமலே தேவராஜன் கையில் கொடுத்தான். புத்தூரில் வைத்தியர் எலும்பை இழுத்துச் சேர்த்து, பச்சிலையோடு கோழிமுட்டை வெள்ளைக்கருவைக் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். "முட்டையா?" என்று தேவராஜன் பதறினதற்கு, "கை வேணுமா வாணாமா?" என்றார் அவர்.

வீட்டில் அதுதான் பெரிய ரகளை. கை ஒடிந்ததற்கு அழுத அம்மா, கட்டுக்குள் முட்டை என்று தெரிந்ததும் அழுகையை நிறுத்திவிட்டாள். "அந்தக் கையோட தளிகை பண்ற இடத்துக்கு வராதே. கோயிலாழ்வார் பக்கம் தலைகாட்டாதே. முற்றத்துல ஒரு ஓரமா உட்காரு" என்று உத்தரவு போட்டாள். என்ன நடந்தது என்று கேட்டாள். தேவராஜன் ஒன்றையும் மறைக்கவில்லை. பெருமாள் எதிரில் கை ஓங்கக் கூடாது என்று அவள் சொன்னது, கால் பின்னால் போனது, அதைப் பன்னிரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுத்தது, தடி விழுந்தது எல்லாம் சொன்னான். கோமளவல்லி கேட்டுக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை பொட்டலுக்குப் போய் எல்லோருக்கும் சரியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அது அவனைக் குடைந்துகொண்டே இருந்தது. ஒருவன் தப்பித்தான், மீதிப் பேர் காலில் இன்னும் அந்தத் தப்பு உட்கார்ந்திருக்கிறதே. மாலையில் முற்றத்தில் எழுந்து நின்றான். நல்ல கையை நெற்றிக்கு மேல் தூக்கினான். எதிரே கோயிலாழ்வாரில் விளக்கு எரிந்தது. கால் பின்னால் போயிற்று. சீ என்று திரும்பவும் நின்றான். திரும்பவும் பின்னால். மூன்றாந் தரம் காலை முன்னால் வைக்க நினைத்தவன் பாதி தூரத்தில் நின்றுவிட்டான். தன் காலே தனக்கு அடங்காமல் நிற்பதைப் பார்த்து அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

சமையல் நடக்கும் தளிகை உள்ளிலிருந்து அம்மா வந்தாள். கோயிலாழ்வார் முன்னால் போனாள். பெருமாள் அமுது செய்யும்போது மட்டும் போடுகிற திரையை இழுத்துவிட்டாள். அப்புறம் மூலையில் சாத்தியிருந்த மடிக்கோலை எடுத்துக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பெருமாள் பார்க்கலை. வா."

"அம்மா, நீ மடி. நான் முன்னால வந்தா உன் மேல பட்டுடும்."

"படட்டும்."

"கட்டுல முட்டை இருக்கும்மா."

"தெரியும்டா. நான் குளிச்சுக்கறேன். நீ வா."

கழியை ஓங்கினாள். போன வாரம் மாதிரி எட்ட நின்று மெள்ள இல்லை, நிஜமாகவே அடிக்கிற வேகத்தில் இறக்கினாள். தேவராஜன் கையைத் தூக்கினான். கால் ஒரு கணம் தயங்கியது. அப்புறம் முன்னால் வந்தது. கழி அவன் முதுகுக்குப் பின்னால் போய்க் காற்றில் நின்றது. அம்மாவின் நெற்றி அவன் தோளில் இடித்தது. கட்டுப் போட்ட கை மடிப்புடவையில் அழுந்தியது. அவன் பூணூல் போட்டதிலிருந்து இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. கற்பூரமும் மஞ்சளும் அடுப்புப் புகையுமாக ஒரு வாசனை வந்தது, அது அம்மாவின் வாசனை என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள் அவள், அவனைத் தள்ளாமல்.

"இவ்வளவுதாம்மா."

"இன்னொரு தரம் பண்ணு" என்றாள் கோமளவல்லி. "எப்படியும் குளிக்கத்தானே போறேன்."